பார்த்துப் போங்க

மழையில் பைக் ஓட்டுவது எப்படி என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பைக்கே ஓட்டாதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறல் விழுந்த கையோடு, சென்னையில் எங்காவது ஓர் இன்னோவாவின் பின்கதவு திறக்கும். உதவியாளர் ஒருவர் குடையை விரிப்பார். குடைக்குக் கீழிருந்து ஒரு குரல், வரிசையாக நீட்டிய மைக்குகளிடம் சொல்லும்: "இருசக்கர வாகன ஓட்டிகள் மிகுந்த எச்சரிக்கையுடன் செல்ல வேண்டும். அவசியமின்றி யாரும் வெளியே வர வேண்டாம்."

அவசியமின்றி! காலை ஆறு மணி ஷிப்டுக்காக ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நூறு சிசி வண்டியில் நனைந்துகொண்டே போகிறவர் மழையை ரசிக்கப் புறப்பட்டவர் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. லேத் பட்டறைக்கும் ஜவுளிக்கடைக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் விடுமுறை விடும் எண்ணம் யாருக்கும் வருவதில்லை. ஐ.டி. நிறுவனங்களிடம் மட்டும், ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லுங்கள் என்று அரசு பணிவோடு கேட்டுக்கொள்ளும். மீன் வெட்டுகிறவரும் வெல்டிங் வைக்கிறவரும் ஆஸ்பத்திரி ஆயாவும் அவரவர் வேலையை வீட்டிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று விளக்க அறிக்கையில் இடம் போதவில்லை.

குடைக்குக் கீழிருந்து அடுத்ததாக ஓர் எண் வரும். "மழைநீர் வடிகால் பணிகள் 95 சதவீதம் முடிந்துவிட்டன." ஆட்சி மாறும், மேயர் மாறுவார், கமிஷனர் மாறுவார், இந்த 95 மட்டும் அசையாது. மீதி 5 எங்கே இருக்கிறது என்று எந்த நிருபரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்கள் முன்சக்கரத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனபோது நாடு முழுவதும் கேட்ட எண், வடிகாலுக்கான 4,000 கோடி. அதில் எவ்வளவு செலவானது, எதற்குச் செலவானது என்று ஆண்டவர்களும் ஆள்பவர்களும் டிவியில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் அடித்துக்கொண்ட அந்த நேரத்தில் பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் ஆயிரக்கணக்கான பைக்குகள் தண்ணீருக்கு அடியில், ஒழுங்காக சைடு ஸ்டாண்டு போட்டு, நின்றுகொண்டிருந்தன. ஓட்டிகள் தங்கள் கடமையில் குறை வைக்கவில்லை.

அறிவுரைகளைக் குறை சொல்லக் கூடாது. அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மழை தொடங்கிய முதல் அரைமணி நேரம் மிக ஆபத்தானது: மாதக்கணக்கில் சாலையில் சொட்டிய ஆயிலும் டீசலும் தூசியும் நீரோடு குழைந்து வழவழப்பாகக் கிடக்கும். ஒரு பாட்டம் அடித்துப் பெய்து கழுவிவிட்டால் பிடிமானம் கொஞ்சம் திரும்பும். அதுவரை ஒரு டீக்கடையில் ஒதுங்குகிறவன் புத்திசாலி. முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வெள்ளைக் கோட்டின் மீதும் மேன்ஹோல் மூடி மீதும் பாலத்தின் இரும்பு இணைப்பின் மீதும் பிரேக்கைத் தொடாதீர்கள். வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்து போங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். தண்ணீருக்குள் இறங்கி ஏறிய டிரம் பிரேக் முதலில் பிடிக்காது. கரையேறியதும் ஓடிக்கொண்டே இரண்டு மூன்று முறை லேசாக அழுத்தி அதைக் காயவிடுங்கள். டயர் மொட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். சட்டப்படி இருசக்கர வண்டியின் டயரில் குறைந்தபட்ச ஆழத்துக்காவது வெட்டு மிஞ்சியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் குறைந்தபட்சத்தை நம்பி யாரும் கத்திப்பாரா மேம்பாலத்தில் திரும்ப வேண்டாம்.

இவ்வளவும் சரி. ஒரு பின்டயர் ரெண்டாயிரம் ரூபாயைத் தொடுகிறது என்பதையும், அதை மாற்றும் மாதத்தில் வீட்டில் வேறு எது நிற்கும் என்பதையும் அறிவுரை சொல்பவர் கேட்டுக்கொள்வதில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ், 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் கட்டாயம் என்றார்கள். அதற்குக் கீழே உள்ளதற்கு சிபிஎஸ் போதும் என்றார்கள். அது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இன்னொன்றும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஆக, ஒன்றரை லட்சத்துக்குப் பைக் வாங்கியவனின் சக்கரம் ஈரத்தில் பூட்டிக்கொள்ளக் கூடாது. நூறு சிசி வாங்கியவனின் சக்கரம் பூட்டிக்கொண்டால், பாவம், அவன் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாகப் போயிருக்கலாம்.

எல்லா அறிவுரைக்கும் சொல்லப்படாத ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. கீழே சாலை இருக்க வேண்டும்.

தேங்கிய தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. அரை அங்குல ஆழமும் ஆறடி ஆழமும் மேலே இருந்து பார்த்தால் ஒரே நிறம். அதனால்தான், முன்னே போகும் வண்டியின் சக்கரத் தடத்திலேயே போ, ஓரமாகப் போகாதே, ஓரத்தில்தான் வடிகால் இருக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நல்லது. நடுச்சாலையில் போனால் பின்னாலிருந்து தண்ணி லாரி ஆரன் அடிக்கும். ஷேர் ஆட்டோக்காரர் உங்கள் அம்மாவை விசாரிப்பார். ஓரமாகப் போனால் வடிகால். இந்த இரண்டுக்கும் இடையில் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பாதை இருக்கிறது. மாநகராட்சி அதை உங்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறது. அந்த ஒன்றரை அடியில்தான் மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய இடத்தின் இரும்புத் தகடு கிடக்கும். மழை நனைத்த இரும்பில் ரப்பருக்கு என்ன வேலை என்று எட்டாம் வகுப்பு அறிவியல் வாத்தியாரைக் கேட்டால் சொல்வார். இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர். முழுத் தூரமும் ரயில் ஓடத் தொடங்கியதும் நாமெல்லாம் பைக்கை விற்றுவிட்டு அதில் ஏறிவிடுவோம். அதுவரை உயிரோடு இருப்பது நம் தனிப்பட்ட பொறுப்பு.

சாலைக்கு நடுவே கொஞ்சம் மேடும் இருபுறமும் மெல்லிய சரிவும் வேண்டும், நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்ற கணக்கில், என்பது சாலைப் பொறியியலின் அரிச்சுவடி. மழை பெய்ததும் நீர் தானாக ஓரத்துக்கு ஓடி வடிகாலில் விழ வேண்டும். நம் ஊரில் வடிகாலின் வாய் சாலையைவிட உயரத்தில் இருக்கும். தண்ணீர் ஏறிப் போய் விழ வேண்டும். தார் மேல் தாராகப் போட்டு வீடுகளைப் புதைப்பதை நிறுத்துங்கள், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் புதிதாகப் போடுங்கள் என்று 2021-ல், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்துபூர்வமாகவே உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அதில் பாதியைத் துறைகள் உயிரைக் கொடுத்து நிறைவேற்றுகின்றன: சுரண்டுகிறார்கள். சுரண்டிய தெரு வரிவரியாகக் கீறலோடு, மேன்ஹோல் மூடிகள் மட்டும் தீவுகளாகத் துருத்திக்கொண்டு, வாரக்கணக்கில் கிடக்கும். புதுத் தார் போடுவது அடுத்த டெண்டர். அதற்குள் மழை வந்துவிடும். மழை வந்துவிட்டால் தார் போடக் கூடாது என்பது பொறியியல். இந்த ஒரு இடத்தில் மட்டும் நம்மவர்கள் பொறியியலை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பார்கள்.

பள்ளம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். நம் அரசாங்கத்தில் இதைவிடப் பெரிய துறவு கிடையாது. "அது நெடுஞ்சாலைத் துறை ரோடுங்க." "தோண்டினது மெட்ரோ வாட்டர் சார்." "கேபிள் போட்டது ஈபி." "நாங்க பெர்மிஷன் குடுத்ததோட சரி." சாலை திறப்பு விழாக் கல்வெட்டில் ஒன்பது பேர் பெயர் இருக்கும், அதே சாலையின் பள்ளத்துக்கு ஒருவர்கூட உரிமை கோர மாட்டார். மாநகராட்சியின் 1913-க்குப் போன் அடிக்கலாம். புகார் எண் வரும். சில நாளில் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தியும் வரலாம். போய்ப் பார்த்தால் பள்ளத்தில் இரண்டு கூடை செங்கல் ஜல்லி கொட்டியிருக்கும். அடுத்த மழையில் அந்த ஜல்லி சாலை முழுக்கப் பரவும். ஓர் இடத்தில் இருந்த ஆபத்தை ஐம்பது அடிக்குப் பகிர்ந்து கொடுத்ததும் ஒருவகையில் தீர்வுதானே.

பாதுகாப்புக்குப் பிறகு சொகுசு. மழையில் சொகுசாக வண்டி ஓட்ட ரெயின்கோட் வேண்டும். முதல் மழைக்கு மறுநாள் பிளாட்பாரத்தில் கம்பியில் தொங்கும், நீலத்திலும் சிவப்பிலும். 'ஃப்ரீ சைஸ்' என்பார்கள். ஃப்ரீயாக இருப்பது நமக்கல்ல, தண்ணீருக்கு. கழுத்து வழியாக உள்ளே வந்து, முதுகில் வழிந்து, சீட்டில் ஏற்கனவே தேங்கியிருக்கும் நீரோடு கலந்து, நீங்கள் எங்கே எல்லாம் காய்ந்திருக்கிறீர்கள் என்று தேடிப் பிடிக்கும். இரண்டாவது முறை வண்டியில் காலைத் தூக்கிப் போடும்போது தொடை இடுக்கில் தையல் விடும். இதற்குப் பயந்து பலர் அங்கிபோலத் தொங்கும் ஒற்றைத் துண்டு கோட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றில் அது படபடவென்று புடைக்கும், சக்கரத்திலோ செயினிலோ மாட்டும். பின்னால் உட்காரும் பெண்கள் புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் ரெயின்கோட்டுக்கு உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தில் பாதியை மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அழகாக இல்லை என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டுவைத்திருக்கும் வீரர்களுக்கு இந்தக் கட்டுரையில் அனுதாபம் கிடையாது. பின்சீட்டில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போகும் தம்பதிகளுக்கும் கிடையாது. குடை காற்றை வாங்கினால் வண்டியைத் திருப்புவது நீங்களா, காற்றா என்று முடிவாவதற்குள் கீழே கிடப்பீர்கள்.

ஹெல்மெட்டின் கண்ணாடியில் மூச்சுக் காற்று பட்டு உள்ளே பனி படரும், வெளியே மழை அடிக்கும். ஒரு சொட்டு ஷாம்புவை உள்பக்கம் தடவிக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். சிலர் எரிச்சலில் ஹெல்மெட்டையே கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டு, தலையில் பிக் ஷாப்பர் பையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். முடி நனையாது. மூளைக்கு என்ன ஆகும் என்பது தார்ச்சாலையின் கருணையைப் பொறுத்தது.

சிலர் மழைக்குப் பயந்து பாலத்துக்கு அடியிலும் சுரங்கப்பாதை முகப்பிலும் ஒதுங்குகிறார்கள். ஐம்பது பைக், அறுபது பைக் என்று அடைத்துக்கொண்டு, சாலையில் பாதியை மறித்துக்கொண்டு. அங்கே பின்னால் வரும் லாரிக்காரருக்கு எதுவும் தெரியாது. அது உண்மையிலேயே ஆபத்து. போக்குவரத்துக் காவலர் வந்து விரட்டுகிறார்: "ஏம்பா, இதென்ன உங்க வீட்டுத் திண்ணையா? கிளம்பு, கிளம்பு." கிளம்புகிறார்கள். எங்கே போவது என்று அவரும் சொல்வதில்லை, இவர்களும் கேட்பதில்லை. இத்தனை லட்சம் இருசக்கர வண்டி ஓடும் ஊரில், மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கூரை எந்தச் சாலைத் திட்டத்திலும் கிடையாது. ஆனால் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்கள் ஏறி நின்றன. போட்டோ எடுத்தோம், ரசித்தோம், சென்னைக்காரன் மூளையே மூளை என்று மெச்சினோம். பாலத்துக்கு மேலே மூழ்காமல் நிற்கும் கார் சமயோசிதம். பாலத்துக்கு அடியில் நனையாமல் நிற்கும் பைக் போக்குவரத்து இடையூறு.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுதான் இந்த நாடகத்தின் நகைச்சுவைக் காட்சி. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 194டி என்று ஒரு பிரிவு: ஹெல்மெட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. சரியான சட்டம், ஹெல்மெட் போடாதவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதே திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவும் வந்தது. சாலையைத் தரம் குறைவாக வடிவமைத்த, போட்ட, பராமரித்த அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ அதற்குப் பொறுப்பு. அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். அந்தக் குறையால் யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது ஊனமாகியிருக்க வேண்டும். முன்பல் நான்கு போனது, தோள்பட்டை இறங்கியது, மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை என்பதெல்லாம் 198ஏ-வின் காதில் விழாது. செத்தே போனாலும் அந்த ஒரு லட்சம் உங்கள் வீட்டுக்கு வராது. அரசின் விபத்து நிதிக்குப் போகும். ஒரு கிலோமீட்டர் சாலை கோடிகளில் போகும் காலத்தில் ஒரு உயிருக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் என்றால், டெண்டர் தொகையில் அதை 'இதர செலவுகள்' என்ற வரியில் அடக்கிவிடலாம். 194டி ரசீதை நம்மில் பலர் பர்சில் வைத்திருக்கிறோம். 198ஏ ரசீதைக் கண்ணால் பார்த்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

உயர்த்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில். அதே அக்டோபரில், ஜாபர்கான்பேட்டைப் பக்கம், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப்போட்டிருந்த பள்ளத்தில் இரவில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்தார். ஒரே மாதத்தில் ஒரே அரசு. தலைக்கவசத்துக்கு விலை ஏற்றத் தெரிந்தவர்களுக்குப் பள்ளத்தைச் சுற்றி ஒரு சிவப்பு விளக்கு வைக்கத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து ஊரெங்கும் தடுப்பு முளைத்தது. அதற்கு ஒரு உயிர் தேவைப்பட்டது.

கணக்கு வேண்டுமா, மத்திய அரசே கொடுக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491. அதில் நூற்றுக்கு 44-க்கும் மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. சாலைக் குழிகளால் செத்தவர்கள் 1,856 பேர். 2013 முதல் 2017 வரை ஐந்தாண்டில் குழிகளுக்குப் பலியானவர்கள் 14,926 என்ற கணக்கைப் பார்த்து 2018-ல் உச்ச நீதிமன்றமே கொதித்தது. எல்லையில் பயங்கரவாதிகளால் சாகிறவர்களைவிட இது அதிகமாக இருக்கும்போல என்றது. எல்லையில் செத்தால் கொடி போர்த்துவார்கள். குழியில் செத்தால், முதலில் வண்டியின் இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே என்பார்கள்.

இந்தக் கணக்கிலும் ஒரு சூது இருக்கிறது. 2022-ல் செத்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொருவர் சாவுக்குக் காரணம் 'அதிவேகம்' என்கிறது அதே அறிக்கை. வேகம் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விபத்தில் காரணம் எழுதுகிறவர் யார்? காவல் நிலையத்துப் படிவம். சாலையைப் போட்ட எஞ்சினியரைக் கூப்பிட்டு, சரிவு எத்தனை, தார் எத்தனை அங்குலம், வடிகால் மூடி ஏன் இல்லை என்று விசாரிக்க அந்தப் படிவத்தில் பொறுமை இல்லை. செத்தவர் வந்து ஆட்சேபணை சொல்லப் போவதும் இல்லை. பிழைத்தவருக்கு இன்னும் மோசம். 2015-ல் பெங்களூரில் ஒருவர் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். குழியில் வண்டி தடுமாறி மனைவி இறந்தார். போலீஸ் வழக்குப் போட்டது கணவன் மேல், கவனக்குறைவாக ஓட்டினார் என்று. மனைவியைப் பறிகொடுத்தவரின் மேல் வழக்கைத் திணிப்பதற்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும்! குழி வெட்டியவர்களுக்கு அந்தத் தோல் ரெயின்கோட்டாகவும் பயன்படும்.

அதே பெங்களூரில், அதே ஆண்டில், பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர் நடுச்சாலைக் குழி ஒன்றில் ஆளுயர முதலை பொம்மையைக் கொண்டுவந்து படுக்கவைத்தார். படம் ஊரெல்லாம் பரவியது, குழி மூடப்பட்டது. 2019-ல் விண்வெளி உடை போட்ட ஒருவரை இன்னொரு குண்டும் குழியுமான தெருவில் நிலாவில் நடப்பதுபோல நடக்கவிட்டுப் படமெடுத்தார். அங்கேயும் வேலை நடந்தது. ஆக, ஒரு குழி மூடப்பட மனுவோ புகார் எண்ணோ பிணமோ போதாது, முதலை வேண்டும். நம் வார்டு கவுன்சிலர்கள் இதைக் கவனத்தில் கொண்டு, தலைக்கு ஒரு முதலை வாங்க மாமன்றத்தில் தீர்மானம் போடலாம். டெண்டரில் 95 சதவீத முதலை வந்து சேரும்.

மும்பையிலும் அதே 2015, ஜூலை மழை. தாதாராவ் பில்ஹோரே என்ற காய்கறி வியாபாரியின் பதினாறு வயது மகன் பைக்கின் பின்சீட்டில் போனான். தண்ணீர் நிறைந்த பள்ளம், தடுப்பு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. பையன் இறந்தான். அதற்குப் பிறகு அந்தத் தகப்பன் கட்டட இடிபாட்டு ஜல்லியைச் சுமந்து வந்து, தன் கையால், நூற்றுக்கணக்கான குழிகளை மூடினார். நாம் அவருக்கு என்ன செய்தோம்? பேட்டி எடுத்தோம். 'மனிதநேயம்' என்று தலைப்புப் போட்டோம். மகனைத் தின்ற மாநகராட்சியின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் ஒரு தகப்பனைப் பார்த்து வெட்கத்தில் குனிய வேண்டிய நாடு, கண்கலங்கி ஒரு ஹார்ட் பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. பத்து வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், குழியிலும் திறந்த மேன்ஹோலிலும் விழுந்து செத்தால் குடும்பத்துக்கு 6 லட்சம் தர வேண்டும், அதைப் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. அவர்கள் பாக்கெட்டில் கை வைக்காமல் குழி மூடாது என்று ஒரு நீதிமன்றத்துக்காவது புரிந்திருக்கிறது.

குடைக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் நமக்குச் சுகமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, அடைமழை, ஜன்னலோரம், கையில் போன். சூடாக மிளகாய் பஜ்ஜி வேண்டும், அதுவும் தி.நகரிலிருந்து வேண்டும். இருபது ரூபாய் மழைக் கட்டணத்தைப் பார்த்து முனகிக்கொண்டே ஆர்டர் போடுகிறோம். திரையில் குட்டி பைக் நகர்கிறது. ரங்கராஜபுரம் சுரங்கப்பாதைக்கு முன்னால் வந்து நிற்கிறது. பத்து நிமிஷமாக அங்கேயே நிற்கிறது. "என்னப்பா பண்றான் இவன்?" அவன் என்ன செய்வான்? செயலியின் வரைபடத்தில் தண்ணீர் கிடையாது. இடுப்பளவு நீரைச் சுற்றிக்கொண்டு கோடம்பாக்கம் பாலம் ஏறி வர எத்தனை நிமிஷம் ஆகும் என்று எந்தக் கணக்கும் அவனுக்குச் சலுகை தருவதில்லை. வந்து கதவைத் தட்டுகிறான், உடம்பெல்லாம் சொட்டுகிறது. பஜ்ஜி மட்டும் காய்ந்திருக்கிறது, அதற்கு நல்ல பை இருக்கிறது. "உள்ளே ஈரம் பண்ணாதப்பா" என்கிறோம். பஜ்ஜி ஆறியிருந்தால் ஒரு நட்சத்திரம் குறைக்கிறோம். மனசாட்சி கொஞ்சம் உறுத்தினால், கதவைச் சாத்தும்போது சொல்கிறோம்: "பார்த்துப் போங்க தம்பி."

அரசும் இந்த டெலிவரித் தம்பிகளை மறந்துவிடவில்லை. நலவாரியம் அமைத்திருக்கிறது. 2025-ல் அண்ணா நகரில் இவர்கள் உட்கார ஏசி ஓய்வறைகூடத் திறந்தார்கள். குறை சொல்லவில்லை, நல்ல காரியம். அந்த ஓய்வறை வரைக்கும் ஒரு சாலையும் போட்டுவிட்டால் திட்டம் பூர்த்தியாகிவிடும்.

இன்னும் ஒரே ஒரு அறிவுரை பாக்கி. தண்ணீர் சைலன்சரின் வாயைத் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டால் அதற்குள் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் கியரில், ஆக்சிலரேட்டரை விடாமல், ஒரே சீராகப் போங்கள். நடுவில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும், செலவு ஆளையே வளைக்கும். இன்சூரன்ஸ்காரர் அது உங்கள் தப்பு என்று கையை விரித்துவிடுவார். இறங்கி, நியூட்ரலில் போட்டு, தள்ளிக்கொண்டு போங்கள். வடிகால் எங்கே திறந்திருக்கிறது என்று காலால் தடவிக்கொண்டே, மெதுவாக.

அப்படித்தான் ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். மீதி 5 சதவீதத்தில் கால் இறங்கும். பெரியாஸ்பத்திரி வார்டில், இடது காலில் மாவுக்கட்டோடு, கட்டில் கிடைக்காமல் பாயில் படுத்திருப்பார். ஏட்டையா ஸ்டூலை இழுத்துப் போட்டு, படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"எவ்வளவு ஸ்பீடுல வந்தீங்க?"

"வண்டி ஆஃப் ஆயிடுச்சு சார். தள்ளிக்கிட்டு வந்தேன்."

ஏட்டையா படிவத்தை மேலும் கீழும் பார்ப்பார். தள்ளிக்கொண்டு வந்ததற்கு அதில் கட்டம் இருக்காது.

"சரி, எவ்வளவு ஸ்பீடுல தள்ளினீங்க?"